லிண்டல் மட்டம்

கல்லாறு தாண்டியதும்
தண்டவாளத்துக்கு நடுவே பல்வரிசை முளைக்கிறது.
எஞ்சின் பின்னாலிருந்து முட்டுகிறது.
பெட்டிகள் முன்னால் போகின்றன,
சந்தைக்கு வரமாட்டேன் என்கிற எருமையாட்டம்.

காலை நாலரைக்கே வரிசையில் நின்று வாங்கிய சீட்டு.
காரமடைத் தேருக்கு எடுத்த சேலை எனக்கு.
அவருக்கு, மண்டிக்குப் போட்டுப் போகாத ஒரே சட்டை.

இருபத்தோரு வருசமாய்
மேட்டுப்பாளையத்தில் ஊட்டிக் கிழங்கு இறக்குகிறார்
சென்னியப்பன்.
மலையின் எடை தெரியும்.
மலைக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

புறப்படுமுன் ஒரு ஒப்பந்தம்:
இன்றைக்கு வீட்டுப் பேச்சு கிடையாது.
பேங்குப் பேச்சு, மூலப்பத்திரப் பேச்சு,
மேஸ்திரி சித்தையனின் பேச்சு, எதுவும்.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடித்தது.
குரங்கு வந்து எங்கள் தூக்குவாளியின் மூடியை மட்டும்
எடுத்துக்கொண்டு போய்
மரத்தில் உட்கார்ந்து முகம் பார்த்தது.
தக்காளிச் சோறு அதற்குத் தேவைப்படவில்லை.
ஒவ்வொரு குகையிலும் பையன்கள் ஓவென்று கத்தினார்கள்.
மூன்றாவது குகையில் இவரும் கத்தினார்.
வெளிச்சம் வந்தபோது ஒன்றும் தெரியாதவர் போல
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குன்னூரில் இறங்கி, ஜீப்பில் தொங்கி,
தேயிலைக்குள் நடந்து நடந்து,
கொழுந்துக் கூடையோடு வந்த ஒருத்தியிடம்
"பக்காசூரன் கோட்டைக்கு வழி இதுங்களா?" என்றேன்.
"கோட்டையா? ஓ, அந்தச் சுவரா" என்றாள்.

சுவர்தான்.

யானை நுழையும் வாசல் என்று சொல்லியிருந்தார்.
பீரங்கி வைத்த மேடை, ராணி குளித்த கிணறு,
கல்யாணமான புதிதில் ஆரம்பித்து
வருசத்துக்கு ஒரு அறையாகக் கட்டிக்கொண்டே வந்த கோட்டை.
இங்கே பாசியேறிய கல்லும்
கல்லிடுக்கில் ஒரு பெரணியும்
யாரோ காதலியின் பெயரும்.

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.
செருப்பில் ஒட்டிய அட்டையை உதறுவது போல
குனிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால்
சுவரைச் சாண் போட்டு அளக்கிறார்.
ஒரு கல்லை இரு கையாலும் அணைத்து
அசைத்துப் பார்க்கிறார்.
"அம்மிணி, இது ஒண்ணே எம்பது கிலோ இருக்கும்.
இந்த ஏத்தத்துல எவன் சுமந்தான்?
கூலி குடுத்தானுங்களா இல்லையா?"
ராஜா யாரென்று கேட்கவேயில்லை.

காற்று குளிர்ந்தது. சோற்றைத் தின்றோம்.
ஒப்பந்தத்தை நான்தான் உடைத்தேன்:
"நம்ம சுவரு
இதைவிட ரெண்டு வரிசை ஒசரமுங்க."

ஆடியிலிருந்து லிண்டல் மட்டத்தில் நிற்கிறது எங்கள் வீடு.
சமையலறையாகப் போகும் இடத்தில்
பக்கத்து வீட்டு ஆடு படுக்கிறது.

அவர் பார்த்தார்.
பிறகு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு,
குகையில் கத்தினாரே, அதே குரல்.
"எரநூறு வருசங் கழிச்சு
அதையும் பார்க்க ரயிலேறி வருவாங்க."
"ஆட்டுக்குச் சீட்டு எடுக்கணுங்களா?"
"அது ராணி. அது எதுக்கு எடுக்கும்?"

மூட்டம் விலகிய கணத்தில் கீழே தரை.
பவானி, இழுத்து விட்ட நூல்.
தகரக் கூரை ஒன்று மினுங்க,
"அதோ நம்ம மண்டி" என்றார்.
எந்தக் கூரையும் அப்படித்தான் மினுங்கும்.
இருக்கலாமுங்க என்றேன்.

மறுபடி மறுபடி அளந்ததில்
திரும்பும் ரயில் போய்விட்டது.
பஸ்ஸில் பதினாலு வளைவும் இறங்கினோம்.
எட்டாவதில், முன்னால் போன லாரியைக் கைகாட்டி
"நம்மளுக்கு வர்ற லோடு.
நம்பரைப் பாரு, சரவணம்பட்டி டிரைவர்" என்றவர்
ஒன்பதாவதில் தூங்கிப்போனார்.

வலது தோளில் காய்ப்பு உள்ள மனிதர்
என் இடது தோளில் தலை வைத்திருக்கிறார்.
கனம்தான்.
நகத்தில் கோட்டையின் சுண்ணாம்பு.

லாரி ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிக்கிறது.
விடியுமுன் அதை இறக்க வேண்டும்.
எழுப்பவில்லை.
அந்தச் சட்டையை ஊற வைக்க
வீட்டில் நீலம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.