ஞானப்பல்

மேல்பட்டி கேட்டில் கம்பெனி வேன் நின்றபோதுதான்
ஷமீம் சொன்னாள்:
பென்ஷன் வயசு ஐம்பத்தெட்டு இனிமே அறுபதாம்.
உறுதியில்லையாம், பேச்சாம்,
மருமகன் போனில் படித்தானாம்.
யாரும் வாய் திறக்கவில்லை.
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது.
பெட்டிகளை எண்ண ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டேன்.

எனக்கு ஐம்பத்தெட்டு முடிய இரண்டு மாதம்.
காகிதப்படி.

ஆம்பூரில் ஷூவுக்கு மேல்தோல் தைக்க ஆள் எடுத்தார்கள்.
பதினெட்டு நிறையணும் என்றார்கள்.
எனக்குப் பதினாறு.
கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு அப்பா கூட்டிப்போனார்.
சந்தையில் மாட்டுக்குப் பார்ப்பதுபோல்
டாக்டர் என் வாய்க்குள் டார்ச் அடித்தார்.
ஞானப்பல் வரலியே, என்றார்.
அப்பா சட்டைப்பையில் கைவிட்டார்.
பல் வந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் இரண்டு பேர்.
கோ. நாகபூஷணம், டோக்கன் இருநூற்றுப் பதினாலு,
அவள் மூத்தவள்.
நான் அவளுக்கு இரண்டு வயது இளையவள்.
சம்பளம் அவள் பேரில், பி.எஃப். அவள் பேரில்,
ஊசி ஏறியது என் விரலில்.

நிஜப்பல் முளைத்தபோது
கப்பலுக்குப் போகிற ஆர்டர்.
கன்னம் வீங்கி, ஒரு பக்கமாக எச்சில் விழுங்கியபடி
இருநூறு ஜோடி மடித்துத் தைத்தேன்.
லீவு கேட்டால் மேஸ்திரி சொன்னார்,
இருபது வயசுக்காரிக்கு இப்போ இன்னாத்துக்குப் பல்லு?

மத்தியானம், டிபன் பாக்ஸ் திறக்கிற நேரம்,
சூப்பர்வைசர் விஜயரங்கன் எங்களிடம் வந்து நின்றார்.
சரிசமம் சரிசமம்னு கேட்டீங்கல்ல?
ஆம்பளைக்கும் அறுபது, பொம்பளைக்கும் அறுபது.
அதுவுமில்லாம எங்களவிட நீங்கதான்
ரொம்ப நாள் இருக்கிறீங்க.

பொய் சொல்லவில்லை அவர்.
தோல்ஷாப்பில் டிரம் உருட்டிய ஆண்கள்
எங்கள் தெருவில் பாதிப் பேர்
ஐம்பத்தைந்தைப் பார்க்கவில்லை.
அவர்களுக்கு ஐம்பத்தெட்டே
எட்டாத தூரம்தான்.
அதை வைத்து எனக்கு எப்படி வழக்கு முடியும்
என்றுதான் புரியவில்லை.

வேலூர் பி.எஃப். ஆபீஸில், ஜன்னலுக்கு அந்தப்பக்கம்,
ஒரு சின்னப்பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாள்:
உங்க சர்வீஸ் பத்தொன்பது வருஷம்தாம்மா.
நாற்பது வருஷம் எங்கே போயிற்று?
தங்கச்சி கல்யாணத்துக்குப் பணத்தை எடுத்ததில் எட்டு அழிந்தது.
பிள்ளைகளுக்கு மூன்று.
மாமியார் படுக்கையில் கிடந்தது நாலு,
அவளைப் புரட்டிப் படுக்கவைத்தது எந்த மெஷினும் இல்லை, நான்.
கம்பெனி பேரை மாற்றி
பழைய ஆட்களையே புதிதாகச் சேர்த்ததில் ஆறு.
விஜயரங்கன் பெண்டாட்டிக்கும்
இப்படி ஒரு கணக்கு இருக்கும்.
அவர் கேட்டிருக்க மாட்டார்.

சாயங்காலம் ஷமீம் என் காதோரம் சிரித்தாள்.
அவளுக்கு மட்டும்தான் பல் விஷயம் தெரியும்.
உனுக்கு இன்னாடி நஷ்டம்?
ரெண்டு வருஷம் ஏமாத்துன,
ரெண்டு வருஷம் எடுத்துக்கினான்.
கணக்கு நேர்.

நானும் சிரித்தேன், வேன் பாலாற்றுப் பாலம் தாண்டும்வரை.
ஆற்றில் தண்ணீர் இல்லை, லாரித் தடம் இருந்தது.

கணக்கு நேர்தான் ஷமீம்.
காகிதத்தில் அறுபது ஆகிற அன்றைக்கு
எனக்கு நிஜமாகவே ஐம்பத்தெட்டு நிறையும்.
ஆனால் அந்தப் பதினாறும் பதினேழும்
நான் எங்கே இருந்தேன்?
பள்ளிக்கூடத்திலா?
உன் எதிர் மெஷினில்தானே?
பசை வாசனையில் உனக்குத் தலை சுற்றியபோது
தண்ணீர் தெளித்தது யார்,
மூத்தவளா?

ஷமீம் பதில் சொல்லவில்லை.
அவளுக்குப் பதினைந்தில் பல் வந்திருந்தது.

நாளைக்கும் ஐந்தே முக்காலுக்கு வேன்.
படி உயரம்.
கம்பியைப் பிடித்து, முதலில் இடது காலை வைத்து,
மூத்தவள் ஏறுவாள்,
இளையவளும் ஏறுவாள்.
முட்டி மட்டும்
ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடி.