ஈரக் கழிவு

ஆனி கடைசி.
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடையில்
மை பரவிக் கெட்டுப்போன தாளின் பின்பக்கம்
நாலு கட்டம் போட்டாயிற்று:
ஜெயம், தோல்வி, சமன், மஞ்சு.

நாலாவது கட்டம் கீழ்நாட்டில் கிடையாது.
போன வருஷம் குன்னூரோடு ஆடும்போது
இறங்கிய மஞ்சில்
பந்து போன திசை இரண்டு கோலிக்கும் தெரியவில்லை.
அடுத்த கவாத்துக்குத்தான் கிடைத்தது,
தேயிலைத் தூருக்குள்,
காற்றுப் போய், ஒரு பக்கம் பாசி பிடித்து.
அது கோல்தான் என்கிறோம் இன்னமும்.

இந்த முறை ஒன்பது ஆட்டம்.
முதல் ஆள் எப்போதும் ஹாலன், பச்சைத் தேயிலை ஏஜெண்ட்.
குடையை மடக்குமுன்பே
"எட்டு ஜெயம், ஒரு சமன். எழுது."
"ஈரக் கழிவு போட்டுச் சொல்லுங்க" என்கிறாள் நர்ஸ் ஜெசிந்தா.
ஊரார் இலையில் நூற்றுக்குப் பத்து கழிக்கிறவர்
தன் கணக்கில் ஒரு சொட்டு உதற மாட்டார்.

அவள் தானே எழுதினாள், மருந்துச் சீட்டுக் கையெழுத்தில்.
நாலா ஏழா என்பது
சீசன் முடிந்த பிறகு தெரியும்,
அவளுக்கு வசதியாக.

லாரி முத்துலிங்கம் ஊர் பார்த்துப் பிரிப்பவர்.
"தரைக்காரன் மேல வந்தா
அறுபதாவது நிமிஷம் முழங்கால்ல கை வச்சு நிப்பான்.
இங்க நாலு ஆட்டம், நாலும் நமக்கு.
கீழ போனா
வெயில் அவனுக்குப் பன்னிரண்டாவது ஆளா ஆடும்.
கீழ அஞ்சு ஆட்டம்."
அதற்குமேல் சொல்லவில்லை. டீயை ஊதினார்.

நித்திலா, புள்ளியியல் இரண்டாம் ஆண்டு:
நாலு புள்ளி ஆறு ஜெயம்.
"அதென்னம்மா புள்ளி ஆறு?" பேக்கரி லத்தீப்.
"எண்பதாவது நிமிஷம் வரைக்கும் ஜெயிச்சிட்டு இருப்போமே, அது."
சிரிக்க வாயெடுத்தவர்கள் அப்படியே நின்றார்கள்.
ஆளுக்கொரு ஆட்டம் ஞாபகம் வந்திருக்கும்.

போன வருஷத்துத் தாள் இழுப்பறையில் இருக்கிறது.
இரண்டு ஜெயம், ஆறு தோல்வி, ஒரு மஞ்சு.
யாரும் எடுக்கச் சொல்வதில்லை.
பந்தியில் உட்கார்ந்தவனிடம் கடனைக் கேட்பார்களா?

எட்டோ ஐந்தோ புள்ளி ஆறோ
எல்லாம் நிற்பது ஒரே இடது காலின்மேல்.
"போஜராஜ் இருக்கான்ல" என்று
ஒவ்வொருவரும் பேனாவைத் திருப்பித் தந்தார்கள்.

செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும்.
மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ்,
வெலிங்டன் ராணுவத் தேர்வுக்கு விண்ணப்பம்.
கண்ணாடிமேல் நான்தானே கவிழ்த்து வைத்தேன்.
"அண்ணா, யார்கிட்டயும் வேண்டாம்" என்றான்.
முதல் ஆட்டத்துக்கு நாலு நாள் முந்திய தேதி.
அவன் ஓடும் ஓட்டத்துக்கு
எடுக்காமல் விடுவார்களா?

தெரிந்துகொண்டேதான் எழுதினேன்,
ஹாலனின் எட்டை, இரண்டு சுழியும் ஒட்டும்படி.
எழுதும் தொழில்காரன் திருத்தக் கூடாது
என்று சொல்லிக்கொண்டேன்.

கடை சாத்தும் நேரம் அவனே வந்தான்,
சான்றொப்பத்துக்கு இன்னும் நாலு காப்பி வேண்டுமென்று.
ஜெர்ஸிக்கு மேலே ஸ்வெட்டர், காலில் மைதானத்துச் சேறு.
மேஜையில் கிடந்த தாளைப்
பேர் பேராக விரல் வைத்துப் படித்தான்.
நித்திலாவின் கணக்கில் மட்டும் விரல் நின்றது.
"கெட்டிக்காரி" என்றான்.

பிறகு பேனாவை வாங்கி
எல்லார் பேருக்கும் கீழே, பேர் போடாமல்,
ஜெயம் கட்டத்தில் ஒரு ஒன்பது.
அழுத்தி எழுதியதில் தாள் லேசாகக் கிழிந்தது.

"இதையும் ஒண்ணு போடுங்கண்ணா."

விளக்கு ஒருமுறை ஓடித் திரும்பியது.
சூடாக வந்த தாளைச் சான்றிதழ்களுக்கு நடுவே செருகி
ஃபைலை ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டான்.
வெளியே டானிங்டன் பக்கத்து விளக்குகளை
மஞ்சு ஒவ்வொன்றாய் எடுத்துக்கொண்டிருந்தது.

நாலு காப்பிக்குத்தான் காசு வாங்கினேன்.