இருநூற்று எண்பது ரிங்கிட்

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.
கையில் இருந்தது இருநூற்று எண்பது ரிங்கிட்.
கிள்ளான் கல்யாணத்துக் காசு இன்னும் வரவில்லை.

செந்தூல் அடுக்குமாடி, ஏழாவது மாடி.
இரவானால் லிஃப்ட் மோட்டார்
தொப் தொப்பென்று அடிக்கும் கட்டடம்.
அதன் கடைசி அறையில்
நானும் என் தவிலும்.

கீழ்வீட்டு நோர்லைலா தாதி.
விடிய விடிய வார்டில் நின்றுவிட்டு
எட்டு மணிக்குப் படுப்பவள்.
எட்டரைக்கு நான் விரலில் கூடு மாட்டுவேன்.
ஒருநாள் கதவடியில் சீட்டு:
தோலோங், பெர்லாஹான் சிகிட்.
கோபமாக எழுதியிருந்தால் தேவலை.
பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வேறு வரைந்திருந்தாள்.

கொஞ்சம் மெதுவாகவாம்.
தவிலிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

முதலில் முட்டை அட்டை.
சௌக்கிட்டில் அறுபது, சும்மாவே கொடுத்தார்கள்.
ஒட்டி முடித்தபோது அறை
கோழிகள் குடிபெயர்ந்த கோயில்போல் இருந்தது.
எதிரொலி மட்டும் கொஞ்சம் வெட்கப்பட்டது.
அடி அப்படியே கீழே இறங்கிப் போயிற்று.
கரப்பான்கள் குடும்பத்தோடு வந்து கேட்டன.

குணாளன்தான் சொன்னான்:
"சத்தம் தண்ணி மாதிரி.
சுவத்த விடு, ஓட்டையப் பாரு."
அவனுக்கு டென்னிஸ் கிளப்பில் காவல் வேலை.
அடிபட்டு ஓய்ந்த பந்துகளைச் சீருடைப் பையில் திணித்து
தொடை வீங்கியவன்போல் நடந்து வந்தான்,
ஒன்பது நாள், நாளுக்கு நான்கு.

முப்பத்தாறு பந்து. மேலே கனத்த பலகை.
அதற்கும் மேலே
ஈப்போ சாலை ஹோட்டல் கழித்துப்போட்ட கம்பளம்,
யாரோ சிந்திய காப்பியோடு.
அதன்மேல் நான், தோணியில் உட்கார்ந்தவள் மாதிரி.

கதவிடுக்குக்கு ரப்பர் பட்டை, பதினாறு ரிங்கிட்.
சன்னலுக்குப் பழைய மெத்தை.
விசிறிக்கு ஓட்டை விட்டால் சத்தம் போய்விடும்,
விடாவிட்டால் நான் போய்விடுவேன்.
இருபது நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் மூச்சு
என்று எனக்கும் எனக்கும் ஒப்பந்தம்.

நோர்லைலா புலனத்தில் எழுதினாள்:
இப்போது தூரத்து இடிபோலத்தான்,
மழை வருமென்று நினைத்துத் தூங்கிவிடுகிறேன்.

மிச்சம் ஒரே ஓட்டை. சுவரில் மின்செருகி.
மூடியைக் கழற்றினேன். பின்னால் செங்கல் இல்லை,
பக்கத்து வீட்டுச் செருகியின் முதுகு.
காதை வைத்தேன்.
ஒரு பையன் குரல், சொல்லே இல்லாமல்
ஒரே சுரத்தில் நீண்டுகொண்டு.
பிறகு எதிலோ மெத்தென்று
தொப். தொப்.

பதினோரு வருடம் பக்கத்து வீடு.

சிலிக்கான் குழாயோடு போய் நின்றேன்,
உங்கள் பக்கமும் கொஞ்சம் பூச வேண்டும் என்று.
திரு. இயூ தயங்கித்தான் திறந்தார்.
என் சுவரின் மறுமுகம்:
தரையிலிருந்து கூரைவரை முட்டை அட்டை,
அதன்மேல் நைலான் கயிற்றில் இரண்டு மெத்தை.
பையனுக்குப் பத்தொன்பது இருக்கும்.
நெற்றியை மெத்தையில் வைத்து நின்றிருந்தான்.
"இரவில் முட்டுவான்," என்றார் மலாயில்,
"உங்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான்."

முட்டை அட்டை எதற்கும் உதவாது என்று
வாய்வரை வந்தது.
"ஒரு நாளும் கேட்டதில்லை," என்றேன்.
"என் தவில்?"
அவர் பையனைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார்.
"ஒரு நாளும்," என்றார்.

இரண்டு பொய்யையும் உள்ளே வைத்து
செருகியைச் சுற்றிப் பூசினோம்,
அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

செலவு இருநூற்று அறுபத்து மூன்று.

அன்றிரவு கம்பளத்திலேயே படுத்துவிட்டேன்.
இரண்டு மணிக்கு லிஃப்ட் மோட்டார்
வெகு தூரத்தில் தொடங்கியது.
ஐந்து. ஒரு மூச்சு. ஐந்து. ஒரு மூச்சு.
கண்ட நடை.
இருட்டில் என் வலக்கை
வயிற்றின்மேல் தானாக எண்ணிக்கொண்டிருந்தது.