ஐந்து மில்லிமீட்டர்

விவாகரத்தில் எல்லாம் பிரிந்தது.
வீடு மைரானுக்கு, கார் எனக்கு,
நாய் மாதத்தில் பாதி அங்கே, பாதி இங்கே.
விமானத்தை மட்டும் வக்கீல்களால் வெட்ட முடியவில்லை.
ஒற்றை எஞ்சின், இரண்டு இருக்கை,
பதினோரு குளிர்காலம் நாங்களே அடித்த
ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரிவெட்.

அதனால்தான் பிப்ரவரி ஞாயிறு ஒன்றில்,
சஸ்காட்செவான் மைனஸ் முப்பத்தொன்றில் உறைந்து கிடக்க,
போன் வந்தது:
"மூக்கு தொங்குது லெஸ்யா. வந்து பாரு."

போனேன்.
ஸ்பின்னருக்கும் எஞ்சின் மூடிக்கும் இடையே
மேலே சுண்டுவிரல் நுழைந்தது.
கீழே நகம்கூட நுழையவில்லை;
பெயின்ட் உரசி, பாதி நிலவாய் ஒரு வெள்ளைத் தழும்பு.
ஸ்கேலை வைத்தேன். ஐந்து மில்லிமீட்டர் இறக்கம்.

மூடியைக் கழற்றினோம்.
மவுண்ட் குழாய்களை டார்ச் அடித்து
வெல்டு வெல்டாகப் பார்த்தோம். விரிசல் இல்லை.
போல்ட்டுகளின் முறுக்கம் சரி.
ரப்பர்களில் கெட்டி எது, மெது எது?
பெயின்ட் புள்ளிகள் இருக்கவேண்டிய பக்கமே இருந்தன.
"மாத்திப் போட்டது நீதான்னு சொல்லப்போற" என்றான்.
நான் எதுவும் சொல்லவில்லை.

பக்கத்துக் கொட்டகை வெண்டெல் ஃப்ரீசன்
காபிக் குவளையோடு வந்து குனிந்து பார்த்தார்.
"வலப்பக்கமும் கோணியிருக்கே, அதையும் நிமித்திடுங்க."
"அது வேணும்னே வெச்சது" என்றோம்
இருவரும், ஒரே மூச்சில்.
வெண்டெல் குவளைக்குள் பார்த்துக்கொண்டார்.

ஆக, ரப்பர் அமுங்கியிருக்கிறது. அவ்வளவுதான்.
நூற்றிருபது மணி நேரம் பறந்த ரப்பர்
அமுங்காமல் என்ன செய்யும்?

சங்கிலிக் கப்பியில் எஞ்சினைத் தொங்கவிட்டு
கீழ் போல்ட்டுகள் இரண்டையும் உருவினோம்.
வாஷர் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன்.
அடியில் ஒன்றரை தள்ளினால்
முன்னே மூக்கில் ஐந்து ஏறும்.
இந்தக் கணக்கை முன்பு
சமையலறை மேஜையில் போட்டோம்,
உப்பு டப்பாவை எஞ்சினாக வைத்து.

அப்போதுதான் கண்ணில் பட்டது:
தீச்சுவரில், எண்ணெய்க் கறைக்குப் பின்னால், பென்சிலில்
என் கையெழுத்து.
"ஸ்பின்னரை மூணு மி.மீ. தூக்கி வை. இறங்கும்."
மூடி பொருத்திய நாளில்
கோடு பிசகாமல் ஒட்டவைத்து,
தடவிப் பார்த்துச் சிரித்தவன் அவன்.
டார்ச் வெளிச்சம் அந்த எழுத்தில் ஒரு கணம் நின்றது.
பிறகு வேறெங்கோ போனது.

நாலு வாஷர் எடுத்துவைத்திருந்தோம்.
இரண்டு உள்ளே போயின. தட்டில் ஒன்று.
இன்னொன்று?
எஞ்சின் அறைக்குள் தொலைந்த வாஷரோடு
யாரும் பறப்பதில்லை.
காந்தக் குச்சி, கண்ணாடி, டார்ச்.
வெண்டெல் முழங்காலிட்டுத் தரையைத் தடவினார்.
நாலரை மணி ஆனது. ஆறு ஆனது.
சண்டை போடுவதற்கு எல்லா வசதியும் இருந்தது;
விரல்கள்தான் மரத்துப்போயிருந்தன.

கடைசியில் கையுறையை மாட்டும்போது
கட்டைவிரல் முனையில் சில்லென்று ஏதோ.
என் கையுறைதான்.
நீட்டினேன். அவன் வாங்கித் தட்டில் போட்டான்.
டிங்.

முறுக்கி, பின் குத்தி, மூடியைப் போட்டோம்.
ஸ்பின்னர் இப்போது மூடியைவிட
ஒரு தாள் அளவு உயரத்தில் நின்றது.
"அசிங்கமா இருக்கு" என்றான்.
"இருக்கட்டும்."

லாக் புத்தகத்தில் தேதி, மணிக்கணக்கு, வாஷர் எண்ணிக்கை எழுதினான்.
கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம்.
பேனா மை உறைந்திருந்தது.
வாயருகே வைத்து ஊதி ஊதி
முதலில் என்னிடம் கொடுத்தான்.