பக்கத்துக்கு நாலு ரூபாய்

பக்கத்துக்கு நாலு ரூபாய்.
கறை படிந்த பக்கமென்றால் ஆறு.
இந்தக் கணக்கில்தான் எனக்கு
ஹாக்ஸ்மியர் பிரபு குடும்பம் பழக்கம்.

சீமையில் யாரோ படம் பிடித்து அனுப்புகிறார்கள்.
பழைய வண்ணாரப்பேட்டையில்
ஜெராக்ஸ் கடை மாடியில்
ஐந்து பெண்கள் விடிய விடியத் தட்டுகிறோம்.
கீழே எம்.சி. ரோட்டில் ஷட்டர் இறங்கும் சத்தம்.
திரையில் பனி கொட்டுகிறது,
யாரோ யாரையோ வெட்டுகிறார்கள்.

முதலாம் கில்பர்ட்
தோற்ற ராஜாவின் பக்கம் நின்றான்.
தலை போனது, நிலமும் போனது.
இரண்டாம் கில்பர்ட்
ஜெயித்த ராஜாவின் முன் கைகட்டி வாய்பொத்தி
நிலத்தை மீட்டான்.
தலையைக் கேட்டதாகக் குறிப்பில்லை.
மூன்றாமவன் மடத்தை இடித்து லாயம் கட்டினான்.
நாலாமவன் ஒயின் வியாபாரி மகளைக் கட்டிக்
கடனை அடைத்தான்.
அவள் பெயர் ஒரே ஒருமுறை வருகிறது,
சீர்வரிசைப் பட்டியலில்,
வெள்ளித் தட்டுக்கும் கட்டில் திரைக்கும் நடுவே.

"எல்லாருக்கும் ஒரே பேரு வெச்சா
ரேஷன் கார்டுல என்னாடி பண்ணுவாங்க?"
பக்கத்து நாற்காலி ரெஜினாமேரி.

குடும்பச் சின்னம், கையுறை மேல் ஒரு ராஜாளி.
அடியில் லத்தீனில் நாலு சொல்.
எபினேசர் சார் தேடிப் பார்த்துச் சொன்னார்:
"பிடித்ததை விடேன்."
எங்கள் தெரு வட்டிக்காரர் சபாபதியும்
இதைத்தான் சொல்வார்,
லத்தீன் இல்லாமல்.

அங்கே எல்லாம் மூத்தவனுக்கு.
கோட்டை, மீன்குளம், மான் காடு, பட்டம்,
தேவாலயத்தில் முன்வரிசை பெஞ்சு.
இளையவனுக்கு ஒரு கத்தி, ஒரு பைபிள்.
எங்களுக்கு ஹவுசிங் போர்டில் ஒற்றை அறை;
மூன்று அண்ணன்களும் ஆளுக்குப் பாதி கேட்கிறார்கள்.
எந்த நியாயம் மேல் என்று
கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று யோசித்தேன்.
கூட்ஸ் வண்டி, ஐம்பத்தெட்டுப் பெட்டி,
ஒரு முடிவும் வரவில்லை.

ஐந்தாம் கில்பர்ட்டின் தம்பி ஆம்ப்ரோஸ்.
அவன் கப்பலேறிய பக்கத்தில் கொட்டாவி விட்டேன்.
அடுத்த பக்கத்தில் 'மதராஸ்' என்று இருந்தது.
முதுகு தானாக நிமிர்ந்தது.

வெயில், கொசு, வயிற்றுப்போக்கு,
அண்ணா பணம் அனுப்பு.
நாலே வருஷத்தில் கடிதம் திரும்பிவிட்டது:
தம்பி, பணம் அனுப்பு.
கூரை ஒழுகுகிறதாம்,
இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்களாம்.
அனுப்பினான். எல்லாம் துணியில் வந்த பணம்.
கோட்டைக்கு வடக்கே வெளுக்கும் களம் என்று
கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கிறான்,
நல்ல தண்ணீராம், நல்ல புல்லாம்.
அது எந்த இடம் என்று
நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.
தண்ணி லாரி நின்றிருந்தது.

"நாற்பது கோர்ஜ் துணி வெளுத்த வகையில்."
கோர்ஜ் என்றால் இருபது.
எண்ணூறு துணி,
ராஜாளி வீட்டுக் கூரையில் ஒரு மூலை.
கூலி வாங்கியவர் பெயருக்கு நேரே
பேனா தடுக்கி விழுந்த மாதிரி ஒரு கிறுக்கல்.

படிக்க முடியாததற்குக் கேள்விக்குறி போடு,
அடுத்ததுக்குப் போ. இதுதான் விதி.
ஓரத்தில் பென்சிலால் மூன்று பேர்
மூன்று காலத்தில் போட்டிருக்கிறார்கள்,
மூன்று கேள்விக்குறி.

நான் வாய்விட்டுப் படித்தேன்.
டொண்ட... ராயெ...
இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாக.
தொண்டராயன்.

"யாரைக் கூப்பிடுற?" என்றாள் ரெஜினாமேரி.

தட்டினேன்.
அடியில் சிவப்புக் கோடு நெளிந்தது,
எந்தக் கில்பர்ட்டுக்கும் வராத கோடு.
"கேள்விக்குறி போடும்மா," என்றார் எபினேசர் சார்,
"ரெண்டு ரூபா புடிச்சிருவாங்க."

புடிக்கட்டும் சார்.

அடுத்த பக்கம்.
ஆறாம் கில்பர்ட்டுக்குக் கட்டைவிரல் வீக்கம்.
மருந்து, செர்ரிச் சாறு, அட்டை பன்னிரண்டு.
ஓரமெல்லாம் கறை.
ஆறு ரூபாய்.