பின்பக்கத் தகடு

இராமநாதபுரத்தில் போர்டு அடிக்கும்
பழனிப்பிரபு கேட்டான்:
"உங்ககிட்ட என்னக்கா ஸ்பெஷல்?"
பதில் வருமுன்பே திரையில்
ரோஸ் நிறத்தில் ஒரு போர்டு.
பல் தெரியச் சிரிக்கும் வெள்ளைக்காரி,
ஸ்பேனரைக் கரண்டி மாதிரிப் பிடித்திருந்தாள்.

நஃபீஸா கூல் கேர்.
பெண்களுக்காக ஒரு பெண்.

நல்லாத்தான் இருந்தது.
கீழக்கரையில் பாதி வீட்டுக்காரர்கள் துபாயில்.
பிரிட்ஜ் நிற்பது பெரும்பாலும் ராத்திரியில்.
யோசிக்காமல் கதவு திறப்பது எனக்குத்தான்,
அது உண்மை.
ஆனால் அது நான் செய்த வேலை இல்லையே.
பிறந்தபடி இருக்கிறேன், அவ்வளவுதான்.

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி."

திருப்புல்லாணி தாண்டியதும்
பஸ் ஜன்னல் கம்பியில் பிசுபிசுப்பு.
உப்பு. என் தொழிலில் கூட்டாளி.
ஸ்க்ரூவைத் தின்னும், கண்டன்ஸரைத் தின்னும்,
புது ஏசியின் முதுகை மூன்று வருடத்தில்
அப்பளமாக நொறுக்கும்.
எனக்கு வேலை கொண்டுவருவதும் அது,
செய்த வேலையைக் கெடுப்பதும் அது.
லாபத்தில் பங்கு மட்டும் கேட்டதில்லை.

என்ன ஸ்பெஷல்?
கேஸ் எல்லாரும்தான் அடிக்கிறார்கள்.
ஏர்வாடி அன்வர்தீன் என்னைவிட ஐம்பது ரூபாய் குறைவு.
சீக்கிரம் வருவேன் என்று போடலாம்,
ஸ்கூட்டி ஒத்துக்கொள்ளணும்.

ஒன்று செய்வேன்.
வேலை முடித்து மூடுமுன்
பின்பக்கத் தகட்டின் உள்பக்கம்
கறுப்பு மார்க்கரில் எழுதிவைப்பேன்:
தேதி, மாற்றிய சாமான்,
இன்னும் சந்தேகமாக இருப்பது எது.
அடுத்துத் திறப்பவர் இருட்டில் துழாவ வேண்டாமே.
வீட்டுக்காரர் யாருக்கும் தெரியாது.
சுவரைப் பார்த்து நிற்கும் எழுத்து.
அதைப் போய் போர்டில் எப்படிப் போடுவது?

மறுநாள் ஜைத்தூன் லாத்தா வீட்டில் கூப்பிட்டார்கள்.
பழைய நோயாளி. நாலு ஸ்க்ரூ. தகட்டைத் திருப்பினேன்.
போன நோன்பு மாசம் நான் எழுதியது அப்படியே இருந்தது:

"ரிலே தப்பா மாட்டிட்டேன். எரிஞ்சுபோச்சு.
இன்னைக்கு என் காசில் புதுசு. நஃபீஸா."

'தப்பா' மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது,
மார்க்கர் அங்கே தயங்கியதால்.

அதற்குக் கீழே நீல மையில்,
சாய்ந்த எழுத்தில், வேறு ஒரு கை:

"பேன் மோட்டார் மாத்தினேன். ரிலே நல்லாத்தான் ஓடுது.
ஸ்க்ரூவுக்கு கிரீஸ் வச்சது நீங்களா?
கழட்ட சுளுவா இருந்துச்சு.
அன்வர்தீன், ஏர்வாடி."

மழைக்காலத்தில் நான் சாமான் வாங்க
மதுரை போயிருந்த நாளாக இருக்கும்.
தரையில் உட்கார்ந்து ரெண்டு தரம் வாசித்தேன்.

"என்னம்மா, பெரிய ரிப்பேரா?"
அடுப்படியிலிருந்து லாத்தா.
"இல்ல லாத்தா, சின்னதுதான்."

சாயங்காலம் பழனிப்பிரபுவுக்குப் போன் போட்டேன்.
வெள்ளைக்காரியை அனுப்பிவிடு.
ரோஸ் வேண்டாம்.
பேரு, நம்பர், ஒரு பிரிட்ஜ் படம்.
"பிரிட்ஜ் எந்தப் பக்கம் தெரியணும்க்கா?"
முதுகு.
"பிரிட்ஜோட முதுகை யாருக்கா பார்ப்பா?"
முந்நூறு ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன்.
சிரிப்பதை நிறுத்தினான்.

தகரத்தில் எழுதி வந்தது போர்டு.
பெயருக்கு மேலே
கறுப்புக் கம்பி வளைந்து வளைந்து இறங்கும் ஒரு முதுகு.
முதல் போன்: "ஏணி வாடகைக்கு உண்டா?"
ரெண்டாவது: "ஜன்னலுக்கு கிரில் அடிப்பீங்களா?"
மூன்றாவது ஆள் கொஞ்சம் தயங்கி,
"நான் அன்வர்தீன்.
இந்தப் பக்கமா வந்தேன். போர்டு பார்த்தேன்.
ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?
கண்டன்ஸர்ல ஒரு வளைவு குறையுது."

வெளியே வந்து எண்ணினேன்.
குறையத்தான் செய்தது.
ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி,
பல்லால் மார்க்கர் மூடியைக் கழற்றினேன்.