மேல்பக்கம் எது

நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன்
ஜனவரி இருபத்தைந்துவரை இந்த ஊருக்குத் திரும்பாது.
ஃபியோர்டின் இரு கரையிலும் அத்தனை செங்குத்து.
பகலில் ஒரு நீலம் வரும்,
மூன்று மணி நேரம் நிற்கும்,
போய்விடும்.

அந்த நீலம்தான் என்னிடம் இல்லை.
மகன் பள்ளி முடித்தபோது விட்டுப்போன வண்ணப் பெட்டியில்
பன்னிரண்டு வில்லைகள்.
நீலக் குழியில் தகரம் தெரிந்தது.
பழுப்பும் கறுப்பும் கடையில் வாங்கிய அன்றுபோல.
பிள்ளைகள் கடலையும் வானத்தையும் தவிர
வேறெதையும் வரைவதில்லை போலிருக்கிறது.

மீன் ஆலையின் ஓய்வறை.
நிறம் குழைக்க, முட்டை வந்த பிளாஸ்டிக் தட்டு.
துடைக்க, ஜோடி தொலைந்த ஒரு காலுறை.
தூரிகை அலச, ஊறவைத்த ஹெர்ரிங் மீன் காலியான குடுவை.
தாள், காட் மீன் அடுக்குகளுக்கு இடையே விரிப்பது;
ஈரம் பட்டால் முதுகைத் தூக்கும்,
நாலு மூலையிலும் காபிக் கோப்பை வைத்து அமர்த்துவேன்.

நீலத்துக்குச் சிவப்பு முட்டைக்கோஸ்.
வேகவைத்த நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா.
ஊதா தயங்கித் தயங்கி நீலமாகும்,
சில நாளில் சாம்பலாகிவிடும்.
"சில நாள் போதும் ஹாலினா," என்றாள் ஸ்வன்ஹில்டுர்,
"இங்கே அதுவே தாராளம்."

மேசையளவு தாளை நனைத்தேன்.
நீலத்தைச் சாய்த்துவிட்டேன், அது தன் வழியைத் தானே தேடிக்கொண்டது.
உப்புக்கு எங்களிடம் பஞ்சமா?
காட் மீனுக்குத் தூவும் கல்லுப்பில் ஆளுக்கொரு சிட்டிகை.
லுவால்ஹாத்தி உயரத்திலிருந்து தூவினாள்,
சோற்றுக்குத் தூவுவதுபோல.
போகுமில் கையுறையைக் கழற்றாமலே.
உப்பு விழுந்த இடமெல்லாம் ஈரம் பின்வாங்கி
வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தது.

அப்புறம் நான்தான் கெடுத்தேன்.
ஹெர்ரிங் குடுவையில் தூரிகையை முக்கி
நடுவில் ஒரு கோடு இழுத்தேன்.
எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும்
வினிகர் அந்தக் குடுவையை விட்டுப் போனதில்லை.
நீலம் கன்றிச் சிவந்தது.
ரோஜா நிறத்தில் ஒரு கீறல்,
தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை.

சீ என்று கசக்கப் போனேன்.
மேற்பார்வையாளர் ஸ்டெய்ங்ரீமுர்,
படம் பற்றி வாழ்நாளில் ஒரு சொல் சொல்லாதவர்,
கோப்பையை அந்தக் கீறலுக்குத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:
"ஜனவரி இருபத்தைந்து."

உடனே எல்லோருக்கும் அது வேண்டும்.
மீன் அரியும் கத்தியால் எட்டாக அரிந்தேன்.
எட்டும் அலமாரிக் கதவுகளுக்குள் போயின,
ஷிஃப்ட் அட்டவணைக்கும்
யாரோ ஒருவரின் நாய்ப்படத்துக்கும் பக்கத்தில்.

சூரியன் திரும்பும் நாளில் இங்கே காபியும்
ஜாம் தடவி மடித்த மெல்லிய தோசை மாதிரி பான்கேக்கும்.
அன்று மேகம். யாரும் எதையும் பார்க்கவில்லை.
சும்மா இருக்கமுடியாமல்
துண்டுகளை எடுத்துவந்து மேசையில் சேர்த்தோம்.
நீலமெல்லாம் சாம்பலாகியிருந்தது,
கீறல் மட்டும் அப்படியே.
ஆனால் ஏழுதான்.
நட்டநடுவில் கையகல ஓட்டை,
அதன் வழியே மேசையின் ஃபார்மைக்கா.

போகுமில் காதுவரை சிவந்தான்.
அவனுடையது கிதினியாவில், மகளிடம்;
பிறந்தநாளுக்கு வேறெதுவும் அகப்படவில்லையாம்.

ஓட்டைமேல் லுவால்ஹாத்தி ஒரு பான்கேக்கை வைத்தாள்.
கச்சிதமாகப் பொருந்தியது.
கைதட்டினோம்.
ஸ்டெய்ங்ரீமுர் அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்.

மதியம் போகுமிலின் போனுக்குச் செய்தி வந்தது:
அப்பா, அழகாக இருக்கிறது.
மேல்பக்கம் எது?

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
தூவியபோதும் அரிந்தபோதும்
மேசையைச் சுற்றியல்லவா நின்றோம்,
யாருக்குத் தெரியும்?

போகுமில் பல்லால் கையுறையை இழுத்துக் கழற்றி
ஒற்றை விரலால் அடித்தான்:
ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பி வை.